ஏகாம்பரத்தின் வலது கை

பட்டணத்தில் குண்டு விழப்போகிறது என்று எல்லோரும் மூட்டை கட்டியபோது நானும் கட்டினேன். மற்றவர்கள் நகையையும் பித்தளைப் பாத்திரத்தையும் கட்டினார்கள். நான் புத்தகங்களைக் கட்டினேன். அந்தப் பெட்டியைக் கூலியாளிடம் கொடுக்க மனமில்லாமல் நானே தூக்கி அம்பத்தூர் ரயிலடியில் இறக்கினேன். குண்டு விழவில்லை. என் குடல் விழுந்தது.

இதற்கு ஹெர்னியா என்று பெயர். தமிழில் குடலிறக்கம். வயிற்றுச் சுவரில் பலவீனமான ஓர் இடம், பாரம் தூக்கும்போது பிளந்துகொள்கிறது. அந்தச் சந்து வழியாகக் குடல் தலையை நீட்டி வெளியே என்ன நடக்கிறது என்று பார்க்கிறது. படுத்தால் உள்ளே போய்விடும். எழுந்து நின்றால் மறுபடி வந்துவிடும். இத்தனை படித்தும் மாப்பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்கவில்லையே என்று என் மாமனார் சொல்லிக்கொண்டிருந்தார். இனி அவர் அப்படிச் சொல்ல முடியாது.

பூந்தமல்லி சாலையில் இருக்கும் ஒரு மிஷன் ஆஸ்பத்திரிக்கு என் மனைவி மரகதம் அழைத்துப் போனாள். பெஞ்சில் பாதிப் பொழுது காத்திருந்தோம். எனக்கு முன்னால் போனவர்கள் எல்லோரும் வெளியே வரும்போது போனபோது இருந்ததைவிடச் சிறுத்துத் தெரிந்தார்கள். என் முறை வந்ததும் டாக்டர் தேவசகாயம் வேட்டியைத் தளர்த்தச் சொல்லி, இடுப்புக்குக் கீழே இரண்டு விரலை வைத்து, "இருமுங்க" என்றார். இருமினேன். "இன்னும்." இன்னும் இருமினேன். நான் எழுதியது எதையும் இவ்வளவு கவனமாக யாரும் கேட்டதில்லை.

"தைக்கணும்" என்றார்.

"தைக்காமல் விட்டால்?"

"குடல் சந்தில் மாட்டிக்கும். ரத்த ஓட்டம் நிக்கும். அழுகும்."

"தைத்துவிடுங்கள்" என்றேன்.

ஈதர் என்னும் மயக்க மருந்தை முகத்தில் ஒரு வலைக்கிண்ணத்தை வைத்து அதன்மேல் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். பழைய பெயிண்ட் டப்பாவுக்குள் தலையை விட்ட மாதிரி இருக்கிறது. எண்ணச் சொன்னார்கள். எண்ணினேன். கண் விழித்தபோது வயிற்றில் ஒரு பெரிய கட்டும், வாயில் அந்தப் பெயிண்டும், எதிரே மரகதமும் இருந்தார்கள். மூன்று தடை விதித்தார் டாக்டர். எழுந்திருக்கக் கூடாது. இருமக் கூடாது. தையல் ஆறும்வரை வயிறு குலுங்கச் சிரிக்கக் கூடாது.

"இவர் பத்திரிகையில ஹாஸ்யம் எழுதறவரு டாக்டர். அவர் எழுதினத அவரே படிக்கலாமா?" என்று மரகதம் கேட்டாள்.

"தாராளமா" என்றார் டாக்டர்.

நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ, பக்கத்துக் கட்டிலுக்கு ஏகாம்பரம் வந்து சேர்ந்தார். குமணன்சாவடிப் பக்கம் கத்தரியும் கீரையும் பயிரிட்டுக் கொத்தவால் சாவடி மார்க்கெட்டுக்கு வண்டி ஓட்டுகிறவர். வலது கை பூசணிக்காய் மாதிரி வீங்கி, மணிக்கட்டுவரை பளபளத்தது. வண்டியின் கடையாணி குத்திவிட்டது என்றார். அறுத்துச் சீழ் எடுத்து, கை அசையாதபடி மரச்சட்டம் வைத்துக் கட்டிக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். வலி குறைந்ததும் பேச ஆரம்பித்தார்.

மனிதர் பேச்சில் கெட்டிக்காரர். மூலையில் இருந்த மலேரியாக்காரரைப் பார்த்து, "இன்னா நைனா, நீ ஒதர்ற ஒதறல்ல கட்டிலு பூந்தமல்லி போய்ச் சேர்ந்துடும் போலக் கீதே" என்பார். எனக்கு, "அண்ணாத்தே, பொஸ்தகத்தத் தூக்கியா குடலு எறங்கிச்சு? நான் மூட்ட மூட்டயாத் தூக்கறேன், ஒண்ணியும் எறங்கல. கத்தரிக்கா லேசு, எழுத்துதான் கனம்" என்பார். நான் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். என் தொழிலில் இவ்வளவு சுலபமாகச் சிரிக்கவைக்கும் ஆளை நான் சந்தித்ததில்லை. கொஞ்சம் பொறாமையும் பட்டேன்.

அவருடைய மனைவி கன்னியம்மா. இருபத்தைந்து வயது இருக்கலாம். பொழுது விடிந்ததும் கஞ்சியோடு வந்து நிற்பாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சோற்றைப் பிசைந்து உருட்டி அவர் வாயில் ஊட்டுவாள். முந்தானையை எப்போதும் வாய்மேல் இழுத்துப் பல்லில் கடித்த மாதிரி வைத்திருப்பாள். நடு நடுவே உப்புத் தண்ணீரைச் சுடவைத்துக் கொண்டுவந்து, கட்டை அவிழ்த்து அவர் கையை அதில் வைத்துப் பிடித்திருப்பாள். டாக்டர் வரும்போதெல்லாம் ஒரே கேள்வி.

"கை தங்கிடுமா சார்?"

அந்த ஆண்கள் வார்டில் பத்துப் பேர் படுத்திருந்தோம். பத்துப் பேரும் அந்தக் கேள்விக்கு உருகினோம். மலேரியாக்காரர் தம் மனைவி வந்தபோது, "அந்தப் பொண்ணைப் பார்த்துக் கத்துக்கோ" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். நானும் சும்மா இருக்கவில்லை. "அடக்கம் என்றால் அதுதான். ஆண்கள் இருக்கிற இடத்தில் முந்தானையை வாயிலிருந்து எடுக்கிறதே இல்லை" என்று மரகதத்திடம் சொன்னேன். மனித சுபாவத்தை உற்றுக் கவனித்து எழுதுகிறவன் என்று என்னைப் பற்றி ஒரு பத்திரிகாசிரியர் சொல்லியிருக்கிறார்.

மரகதம் கஞ்சிக் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே, "அது அடக்கம் இல்லீங்க. பல்லு" என்றாள்.

"என்ன பல்?"

"முன்பல்லு ரெண்டு இல்ல. ஒண்ணு முழுசாப் போச்சு, ஒண்ணு பாதி."

அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் சாப்பாடு நோயாளியின் வீட்டார் பாடு. ஒவ்வொருவரோடும் ஒரு பெண் துணைக்கு இருந்து, பின்புறக் கொட்டகையில் கல் கூட்டிச் சமைப்பாள். நாங்கள் வார்டில் மல்லாந்து படுத்து உலகத்தை விசாரித்துக்கொண்டிருந்தபோது உலகம் அந்தக் கொட்டகையில் இருந்திருக்கிறது. அங்கே கன்னியம்மா முந்தானையை எடுத்துவிட்டுத்தான் அடுப்பு ஊதினாள். ஊதினால் காற்று எங்கே போகிறது என்பதை எல்லாப் பெண்களும் பார்த்திருந்தார்கள். நர்ஸ் கிரேஸ் அவளுக்குக் கிராம்பு எண்ணெய் கொண்டுவந்து பஞ்சில் வைத்துக் கொடுத்திருந்தாள். ஆண்கள் வார்டைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரிந்த செய்தி அது.

அந்தப் பல்லுக்கும் ஏகாம்பரத்தின் கைக்கும் சம்பந்தம் உண்டா என்று நான் டாக்டரிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் என் கட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"முஷ்டி மடக்கி வாயில குத்தினா, பல்லு விரல் முட்டியில இறங்கும். கையை நீட்டினதும் காயம் மூடிக்கும். உள்ள போன அழுக்கு உள்ளயே இருக்கும். மனுஷன் வாய்ல இருக்கிற விஷம் நாய் வாய்ல கூடக் கிடையாது. நான் அறுத்தபோது உள்ளே ஒரு சின்னத் துண்டு இருந்தது. கடையாணித் துண்டு இல்லை."

"நீங்கள் ஒன்றும் கேட்கவில்லையா?"

"கேட்டேன். கடையாணின்னார். அந்தம்மாவையும் கேட்டேன். கடையாணின்னாங்க." கத்தரியைத் தட்டில் வைத்தார். "முன்ன ஒரு கேஸ்ல போலீசுக்குச் சொல்லிப் பார்த்தேன். வந்தாங்க. புருஷன் பெண்டாட்டி சமாச்சாரம்னு ரெண்டு பேரையும் ஒண்ணா வீட்டுக்கு அனுப்பி வச்சாங்க. அந்தம்மா அப்புறம் வரவேயில்லை. நல்லா ஆயிட்டாங்கன்னு நினைக்க எனக்கும் ஆசைதான்."

அன்று மத்தியானம் மரகதம் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பத்திரிகையில் ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறீர்களே, பக்கத்துக் கட்டிலுக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா என்பது அதன் பொருள். பெண்கள் எல்லோரும் கொட்டகைக்குப் போயிருந்த நேரம். நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். இருமக் கூடாது என்பதால் கனைப்பும் பாதிதான் வந்தது.

"ஏகாம்பரம், கடையாணிக்குப் பல் உண்டா?"

அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. "அட, சொல்லிட்டாரா டாக்டரு? இன்னா பண்றது அண்ணாத்தே. கொத்தவால் சாவடிலேர்ந்து ராவெல்லாம் கண்ணு முழிச்சு வண்டி ஓட்டிகினு ஊட்டுக்கு வரேன். சோறு ஆறிப் போயிக் கீது. கேட்டா எதுத்து ஒரு வார்த்த. கை போயிடுச்சு. வேணும்னா செஞ்சேன்?"

"முதல் தடவையா?"

"அப்பப்ப நடக்கறதுதான். யாரு ஊட்ல நடக்கல? நீ கைய வச்சதே இல்லியா?"

"இல்லை."

"அப்ப ஒங்க ஊட்ல யாரு கைய வக்கிறது?"

வார்டு சிரித்தது. மலேரியாக்காரர் கட்டில் ஆடியது. நானும் சிரித்தேன். அதைத்தான் குறித்துவைக்க விரும்புகிறேன்: நானும் சிரித்தேன். பிறகு தையல் இழுத்தது. நர்ஸ் கிரேஸ் வந்து திட்டினாள். சீர்திருத்தப் பணியில் என் பங்கு அத்தோடு முடிந்தது.

இரண்டு நாள் கழித்து ஏகாம்பரத்தின் முழங்கைக்கு மேலே ஒரு சிவப்புக் கோடு ஏறியது. விஷம் ரத்தத்தோடு மேலே போகிறது என்பதற்கு அது அடையாளம். யுத்தத்தினால் கிடைக்காமலிருந்த சல்பா மாத்திரையை டாக்டர் எங்கிருந்தோ வரவழைத்துக் கொடுத்தார். அது கேட்காவிட்டால் கையையே எடுக்க வேண்டியிருக்கும் என்றும் சொல்லிவிட்டார். ஏகாம்பரம் வாய்விட்டு அழுதார். மனுஷன் அழும்போது பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன பயன். கட்டு மாற்ற அவரை அடுத்த அறைக்கு அழைத்துப் போனார்கள்.

அவர் போனதும் நர்ஸ் கிரேஸ் வந்து கன்னியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மரகதமும் வந்தாள். மற்றக் கட்டில்களுக்கு எட்டாத குரலில் பேசினார்கள்; எழுந்து போக முடியாத நான் நடுவில் கிடந்தேன்.

"இங்க பாரு கன்னியம்மா, இதுதான் நேரம். அந்த ஆளால கைய அசைக்க முடியாது. எங்க மிஷனுக்கு இன்னொரு பொம்பளை ஆஸ்பத்திரி இருக்கு. ஆயா வேலை, தங்க இடம், சோறு. நான் பேசிட்டேன். இன்னிக்கே கிளம்பு" என்றாள் கிரேஸ்.

"வேணாம்க்கா" என்றாள் கன்னியம்மா.

மரகதத்துக்குக் கோபம் வந்தது. "அந்தக் கைக்கா இப்படி வெந்நீர் வச்சு ஊத்தற? ஒன் உள்ளங்கைதான் வெந்து கெடக்கு. கை தங்குமா, கை தங்குமான்னு கேக்கறியே, தங்கினா அது என்ன பண்ணும்னு தெரியாதா ஒனக்கு?"

கன்னியம்மா முந்தானையை எடுத்தாள். அப்போதுதான் அவள் முகத்தை நான் முழுசாகப் பார்த்தேன். அழுகிற முகம் இல்லை. கணக்குப் போட்டு முடித்த முகம்.

"மூணு தடவ எங்கண்ணன் ஊட்டுக்குப் போனேன்க்கா, திருமழிசைக்கு. மூணு தடவயும் அண்ணனே இஸ்துகினு வந்து உட்டாரு. இப்ப போனா இன்னா சொல்லுவாங்க? கை ஒடிஞ்சவன உட்டுட்டு ஓடிக்கீறா, இவளும் ஒரு பொம்பளயாம்பாங்க. ஊரே தேடி வரும். கை போச்சுன்னு வச்சுக்க, அவ்ளோதான். சாவற வரிக்கும் அந்த வாயிக்கு ஊட்டிகினே கெடக்கணும். நொண்டியான புருசன உட்டுப் போவ எந்தச் சாமி உடும்?" கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "கை தங்கணும்க்கா. தன் கையால பெசஞ்சு துன்னணும். ஒரு வேள துன்னுறத நான் கண்ணால பாத்துட்டேன்னா, என்னாண்ட யாரும் ஒண்ணியும் கேக்க முடியாது."

"துன்னு முடிச்ச கை ஓங்குமே?" என்றாள் மரகதம்.

"அதுக்குள்ள நான் இங்க இருக்க மாட்டேன்ல."

ஏகாம்பரம் திரும்பி வந்தார். முந்தானை மறுபடி வாய்க்குப் போனது. கன்னியம்மா வெந்நீர் கொண்டுவர எழுந்தாள்.

அதற்கப்புறம் அந்தக் கையை நானும் கவனிக்க ஆரம்பித்தேன். காலையில் கண் திறந்ததும் என் வயிற்றைப் பார்க்குமுன் அதைத்தான் பார்த்தேன். சிவப்புக் கோடு ஒரு நாள் முழுக்க நின்ற இடத்திலேயே நின்றது. கன்னியம்மா தூங்கினதாகத் தெரியவில்லை. வெந்நீர், துணி, மாத்திரை, மறுபடி வெந்நீர். "இந்தக் காலத்திலே இப்படி ஒரு பத்தினியா!" என்று மலேரியாக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு மனிதனின் கை பிழைக்க வேண்டும் என்று இவ்வளவு ஆசைப்பட்டவர்கள் அந்த ஆஸ்பத்திரியில் எப்போதாவது இருந்திருப்பார்களா என்பது சந்தேகம். பெண்கள் கொட்டகை முழுவதும் ஆசைப்பட்டது.

கோடு கீழே இறங்கியது. முழங்கை, முன்கை, மணிக்கட்டு. வீக்கம் வற்றித் தோல் சுருங்கியது. டாக்டர் ஒரு நாள் காலையில் கைக் கட்டை முழுவதும் எடுத்துவிட்டு, "மடக்குங்க" என்றார். விரல்கள் மெதுவாக மடங்கின. "நீட்டுங்க." நீண்டன. "இனி நீங்களே சாப்பிடலாம். நாளைக்கு வீட்டுக்குப் போகலாம்."

பிறகு டாக்டர் அந்த மணிக்கட்டை விடாமல், குரலைத் தாழ்த்தி, "இதுக்கு மேல இந்தக் கையில ஒரு பல் பட்டாலும் என்கிட்ட மருந்து கிடையாது, புரியுதா?" என்றார்.

"புரியுது சார்" என்று ஏகாம்பரம் பணிவாகச் சொன்னார். டாக்டர் நகர்ந்ததும் என் பக்கம் திரும்பி, "கையி வந்துடுச்சு அண்ணாத்தே, இனிமே ஊட்ல எல்லாம் ஒழுங்கா நடக்கும்" என்று கண்ணடித்தார். கன்னியம்மா கட்டிலின் அந்தப் பக்கம் நின்று துணியை மடித்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் வந்தது. அன்று கொட்டகையில் எல்லோரும் சேர்ந்து சமைத்திருக்க வேண்டும். கத்தரிக்காய்க் குழம்பு, வாழைக்காய் வறுவல், அப்பளம் என்று ஆஸ்பத்திரி கண்டிராத சாப்பாடு. கன்னியம்மா தட்டில் பரிமாறினாள். கை கட்டி நின்று பார்த்தாள். ஏகாம்பரம் குழம்பை ஊற்றி, ஐந்து விரலாலும் பிசைந்து, பெரிய உருண்டையாக எடுத்து வாயில் போட்டார். வார்டு முழுவதும் பார்த்தது. "ருசி வந்துடுச்சு" என்றார் அவர். இரண்டாவது தடவை சோறு கேட்டார். போட்டாள். சட்டியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"தண்ணி மொண்டுகினு வரேன்" என்று சொம்பை எடுத்துக்கொண்டு போனாள்.

மரகதம் சற்று நேரத்துக்கு முன்பே கோயிலுக்கு என்று கிளம்பிப் போயிருந்தாள். அவள் எந்தக் கோயிலுக்கு எந்த வழியாகப் போனாள், அங்கிருந்து ரயில் எங்கே போகிறது என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. ஏகாம்பரத்துக்குப் படிக்கத் தெரியாது. அவர் மைத்துனருக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் கணக்குத் தவறியது. பெட்ரோல் கிடைக்காத காலமாகையால் பஸ்கள் எல்லாம் பின்னால் ஒரு கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு அதன் புகையில் ஓடின. வாசலில் வந்து கன்னியம்மாவை ஏற்றிக்கொண்ட பஸ் நின்றேவிட்டது. கண்டக்டர் அடுப்பின் விசிறியைச் சுற்றுகிற கிறீச்சென்ற சத்தம் ஜன்னல் வழியாக எனக்குக் கேட்டது. எஞ்சின் இருமியது. அணைந்தது. மறுபடி விசிறி.

ஏகாம்பரம் சாப்பிட்டு முடித்து ஏப்பம் விட்டார். கையைத் தட்டின்மேல் நீட்டியபடி, "ஏய், தண்ணி!" என்றார். யாரும் வரவில்லை. "ஏய்!" பின்வாசல் பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எங்க அண்ணாத்தே அவ?"

வெளியே எஞ்சின் இருமியது. நான் நல்ல பொய்யனில்லை. என் முகமே எழுதிக் காட்டிவிடும். அவர் அதைப் படித்துவிட்டார். படிக்கத் தெரியாது என்று சற்று முன்பு சொன்னேன். முகத்தைப் படிக்கப் பள்ளிக்கூடம் வேண்டாம். அவருடைய பார்வை ஜன்னலுக்குப் போனது. காதும் போனது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

அந்த இடத்தில் சொல்வதற்கு என்னிடம் நல்ல வாசகங்கள் இருந்தன. இரண்டு நாளாக ரகசியமாகத் தயார் செய்திருந்தேன். பெண்ணின் மானம் பற்றி ஒன்று, மனிதனின் கை எதற்கு என்பது பற்றி ஒன்று. கட்டிலில் கையை ஊன்றி, டாக்டரின் தடையை மீறி எழுந்து உட்கார்ந்தேன். வயிற்றில் யாரோ கத்தி வைத்த மாதிரி இருந்தது. வாயைத் திறந்தேன். வேறு என்னவோ வந்தது.

"எச்சில் கையோடு தெருவுக்கா போகிறீர்கள்?"

ஏகாம்பரம் நின்றார். கையைப் பார்த்தார். விரல் முழுவதும் குழம்பும் பருக்கையும். வார்டில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமாம்ப்பா, கையக் கழுவிக்கினு போ. தெருவுல யாருனா பாத்தா இன்னா நெனப்பாங்க?" என்று மலேரியாக்காரர் ஒன்றும் அறியாமல் சொன்னார்.

கட்டில் அடியில் பார்த்தார். சொம்பு இல்லை. வாசலைப் பார்த்தார், பின்பக்கத்தைப் பார்த்தார். பிறகு வலது கையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு, கிணற்றடித் தொட்டியை நோக்கிப் பின்வாசல் வழியாக ஓடினார். ஓடும்போதும் வேட்டியில் கறை படாமல் பார்த்துக்கொண்டார்.

அந்தக் கிணற்றடியில் ஏழெட்டுப் பெண்கள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்களாம். ஒருத்தியும் அவசரமாக வழி விடவில்லையாம். இது பிற்பாடு மரகதம் கொட்டகையில் கேட்டுவந்து சொன்னது.

நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். விசிறி சுற்றியது. எஞ்சின் இருமியது, விக்கியது, பிடித்துக்கொண்டது. கியர் மாறுகிற சத்தம். கரிப்புகை நாற்றம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து போனது. அதற்கப்புறம் சாலையில் காக்கைகளின் சத்தம்தான்.

ஏகாம்பரம் திரும்பி வந்து வார்டின் நடுவில் நின்றார். கையை நன்றாகத்தான் கழுவியிருந்தார். ஐந்து விரலிலிருந்தும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. துடைக்கத் துணி கொடுக்க ஆளில்லை.